கும்பலுக்கு ஒரு வாய் குறைகிறது

என் அம்மாவுக்கு அழுவதுதான் வேலை. பேச்சுக்குச் சொல்லவில்லை. காலையில் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டு போய், பகல் முழுக்க அழுதுவிட்டு, சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவாள். வெளிநாட்டுத் தொடர்களை வாங்கி நம் மொழியில் குரல் சேர்த்து விற்கும் ஒரு ஸ்டுடியோவில் அவள் க்ரவுட் ஆர்ட்டிஸ்ட், அதாவது கும்பலுக்குக் குரல் கொடுப்பவள். கதாநாயகிக்குப் பேச வேறு ஆள் இருக்கிறார். அவருக்குத் தனி நாற்காலி, ஃபிளாஸ்கில் வெந்நீர் எல்லாம் உண்டு. அந்தக் கதாநாயகி வீட்டில் யாராவது செத்தால் பின்னால் பத்துப் பெண்கள் கதறுகிறார்களே, அதில் மூன்று பேர் என் அம்மா. தொழிலில் அவளை அழுகாச்சி அக்கா என்பார்கள்.

அழுகையில் அவளுக்குத் தெரியாத ரகம் கிடையாது. புருஷன் செத்ததற்கு ஒன்று, நாய்க்குட்டி தொலைந்ததற்கு ஒன்று, மாமியார் செத்ததற்கு ஒன்று. கடைசி ரகத்தில் அடியில் லேசாக ஒரு நிம்மதி தெரியவேண்டும், அது எல்லோருக்கும் வராது என்பாள். அழுகை போக மூச்சுவாங்குவது, திடுக்கிடுவது, விக்குவது, மாடிப்படியில் உருள்வது எல்லாமும் அவள் கணக்கில்தான். வார்த்தை இல்லாத இந்தச் சத்தங்களுக்கு அங்கே ரியாக்‌ஷன் என்று பெயர்.

இதில் ஒரே சங்கடம், வீட்டில் அவள் அழுதால் எனக்கு ஒன்றுமே ஆகாது. குக்கர் அடிப்பிடித்தாலும் அழுவாள், அப்பாவோடு போனில் சண்டை போட்டாலும் அழுவாள். அப்பா லாரி ஓட்டுகிறார். அவர் வீட்டுக்கு வருவதைவிட அந்த லாரிக்கு டயர் மாற்றுவது அடிக்கடி நடக்கும். அம்மா மூக்கைச் சிந்தும்போது, 'இது நாய்க்குட்டி ரகம்' என்று நினைத்துக்கொண்டே நான் பல் தேய்ப்பேன். பதிலுக்கு, நான் என்ன ஆனாலும் அவள் நம்பமாட்டாள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நம்பாமல் அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்தோம்.

எனக்குப் பதினாறு வயது. எனக்கு மனிதர்கள் ஒத்துக்கொள்வதில்லை, சிலருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாத மாதிரி. பஸ்ஸில் 'இறங்கணும்' என்று சொல்ல வாய் வராமல் கடைசி நிறுத்தம்வரை போய் நடந்து திரும்பியிருக்கிறேன். முடி வெட்டுகிற அக்கா முதல் வெட்டிலேயே 'இன்னும் எடுக்கட்டாம்மா' என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லாமல் சிரித்தேன். சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவள் வெட்டிக்கொண்டே போனாள். உரித்த கோழியாக வீட்டுக்கு வந்தேன். போன் அடித்தால் அது ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருப்பேன், பிறகு 'குளிச்சிட்டிருந்தேன்' என்று மெசேஜ் அனுப்புவேன். ஊரிலேயே அதிகமாகக் குளிக்கும் ஆள் நான்தான்.

பள்ளிக்கூடத்தில் விஷயம் இன்னும் கேவலம். பாடத்தை வரிசையாக எழுந்து வாசிக்கச் சொல்வார்கள். எனக்கு எந்தப் பத்தி வரும் என்று எண்ணிப் பார்த்து அதை மனதுக்குள் வாசித்துக்கொண்டே இருப்பேன். முறை நெருங்க நெருங்க எழுத்துக்கள் இடம் மாறும். விரல் நுனி மரத்துப்போகும். மூச்சு உள்ளே போகும், வெளியே வர வழி தெரியாது. ஒருநாள் என் முறை வந்தது, எழுந்தேன், வாயைத் திறந்தேன், காலையில் சாப்பிட்டது முன்வரிசைப் பெண்ணின் பையில் விழுந்தது. அதற்கு முன்னால் என் பட்டப்பெயர் மியூட். அதற்குப் பிறகு என்ன பெயர் என்று தெரிந்துகொள்ள நான் போகவில்லை.

போகவில்லை என்றால், கிளம்புவேன். சீருடை போட்டு, பையை மாட்டி, வாசல் கதவின் கைப்பிடியில் கை வைப்பேன். அங்கேயே நெஞ்சுக்குள் யாரோ மேஜையை இழுக்க ஆரம்பிப்பார்கள். உட்கார்ந்துவிடுவேன். மூச்சு கிழியும். செத்துவிடுவேன் என்று நிஜமாகவே தோன்றும்.

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நிற்பாள். தலையைச் சாய்த்துக் கேட்பாள். எந்த அம்மாவும் அந்த நேரத்தில் சொல்லாததை என் அம்மா சொல்வாள்.

"மூச்ச மேலாப்புல எடுக்கறே. அடிவயித்துலேர்ந்து எடு, அப்பதான் நம்புவாங்க."

"அம்மா... முடியல..."

"டயலாக் வேண்டாம். மூச்சு வாங்கறவ பேசமாட்டா. பேசினா மூச்சு இருக்குன்னு அர்த்தம்."

"நெஞ்சு..."

"நெஞ்சப் புடிக்காதே. அது எல்லாரும் பண்றது. பழசு." கரண்டியால் அடுப்பைக் காட்டுவாள். "உங்கம்மா இதுலதான்டி சோறு போடறா. என்கிட்டயே மூச்சு வாங்கிக் காட்டறியா?"

அவளைத் திட்டுவதா சிரிப்பதா என்று எனக்கே தெரியாது. வாழ்நாள் முழுக்கக் கள்ளநோட்டு அடித்தவரிடம் நல்ல நோட்டை நீட்டினால் இப்படித்தான் ஆகும்போல. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, 'வேலைப்பாடு சரியில்ல' என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

எனக்கு இருப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று போனில் தேடித் தெரிந்துகொண்டேன். சமூகப் பதற்றம். கதவடியில் வருவது பீதித் தாக்குதல், பேனிக் அட்டாக். உலகத்தில் என் மாதிரி நிறையப் பேர் இருக்கிறார்களாம். எல்லோரும் வீட்டில் ஒளிந்திருப்பதால் ஒருவரை ஒருவர் சந்திக்க வாய்ப்பில்லை. குணமாகுமாம். அதற்கு ஓர் அந்நிய ஆளிடம் போய் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசவேண்டுமாம். இதைக் கண்டுபிடித்த மேதை யார் என்று தெரிந்தால் நல்லது.

வகுப்பாசிரியை அம்மாவுக்கு போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அம்மா துணி மடித்தாள்.

"வாய்மொழித் தேர்வு வருதுங்க. அவ வகுப்பு முன்னாடி நின்னு பேசணும். பேசலன்னா ஒரு வருஷம் போயிடும். ஒரு மனநல டாக்டர்கிட்ட காட்டி ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க, நான் தனி ரூம்ல வச்சு நடத்தறேன். அது என்னால முடியும்."

"டாக்டரா? அவளுக்கு ஒண்ணுமில்லைங்க டீச்சர். பிடிவாதம். கொஞ்சம் நடிப்பு. அது ரத்தத்துலயே இருக்கு, என்னைச் சொல்லணும்."

"எதுக்கும் ஒரு தடவ..."

"என் பொண்ணப் பத்தி எனக்குத் தெரியாதாங்க."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியில் சுருண்டிருந்தேன். எனக்கு அந்தக் கடிதம் வேண்டும், அதற்கு டாக்டர் வேண்டும், டாக்டருக்கு அம்மா வேண்டும், அம்மாவுக்கு நான் நிஜமாகவே மூச்சுவிட முடியாமல் தவிக்கிறேன் என்ற நம்பிக்கை வேண்டும். நான் எவ்வளவுக்கெவ்வளவு தவிக்கிறேனோ அவ்வளவுக்கவ்வளவு அது அவளுக்கு மிகைநடிப்பாகத் தெரிந்தது. இதை எப்படி அவிழ்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலையில் கதவடியில் நான் மறுபடி உட்கார்ந்தபோது அம்மா என் பையைப் பிடுங்கி மூலையில் போட்டாள்.

"எழுந்திரு. என்கூட வா. வீட்ல கிடந்து கூரையப் பாக்கறதுக்கு வேலையாவது செய். கும்பலுக்கு ஒரு வாய் குறையுது."

ஸ்டுடியோவின் உள்ளறையில் சுவர் பூராவும் முட்டைத் தட்டு மாதிரி ஸ்பாஞ்ச். செருப்புச் சத்தம் பதிவாகும் என்று எல்லோரும் வெறுங்காலோடுதான் உள்ளே வரவேண்டும். தரைவிரிப்பில் பல வருடப் பாதங்களின் வாசனை. எதிரில் ஒரு திரை. பக்கவாட்டில் கண்ணாடி, அதற்கு அப்பால் டைரக்டரும் சவுண்ட் இன்ஜினியரும். கதவுக்கு மேலே சிவப்பு பல்பு. அது எரியும்போது கடவுளே வந்தாலும் வெளியில்தான் நிற்கவேண்டும் என்பது அங்கே சட்டம்.

கும்பலில் எங்களோடு இரண்டு பேர். இருமல் மாமா, ஆஸ்பத்திரிக் காட்சிகளின் முடிசூடா மன்னர். பாப்பா அத்தை, ஐம்பதைத் தாண்டியவள், கனத்த சரீரம், கைக்குழந்தை மாதிரி அழுவதில் அவளை அடிக்க ஆள் இல்லை. நாலு பேர் போதாது என்று ஒரே காட்சியைப் பத்துத் தடவை பதிந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். நாலு பேர் நாற்பது பேர் ஆகிவிடுவோம்.

"சந்தை சீன்," என்றார் டைரக்டர் ஸ்பீக்கரில். "வழக்கம்போல. யார் பேசறதும் தனியாத் தெரியக்கூடாது."

பல்பு எரிந்தது. எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். இருமல் மாமா தன் பஸ் ரூட்டில் உள்ள நிறுத்தங்களை வரிசையாக ஒப்பித்தார். பாப்பா அத்தை வெகுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லாத தன் நாத்தனாரோடு சண்டை போட்டாள். அம்மா ஏழாம் வாய்ப்பாடு. மூன்றும் கலந்து கேட்டபோது சத்தியமாக அது சந்தைதான்.

நான் முதலில் உதட்டை மட்டும் அசைத்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். மெதுவாக 'ஒண்ணு ரெண்டு' என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கொஞ்சம் கூட்டினேன். அப்போதும் கேட்கவில்லை. அப்புறம் என்ன வந்ததோ, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "எனக்குப் பயமா இருக்கு. எனக்கு எல்லாரையும் பாத்தா பயமா இருக்கு. கடைக்காரனப் பாத்தா பயமா இருக்கு. டீச்சரப் பாத்தா பயமா இருக்கு." தொண்டை கிழியக் கத்தினேன். நெஞ்சு ஒரு பொட்டு இடிக்கவில்லை. அந்தச் சந்தைக்குள் நான் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஒரு நாதிக்கும் கேட்காது. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எவ்வளவோ நாளாயிற்று.

பல்பு அணைந்ததும் டைரக்டர், "அந்தப் புதுக் குரல் நல்லா இருக்கே," என்றார்.

அம்மா பூரித்துப்போனாள். பஸ்ஸில் வரும்போது அந்தப் பூரிப்பு அப்படியே கோபமாகத் திரும்பியது.

"அந்தக் கத்து கத்தறே. இந்த வாய் பள்ளிக்கூடத்துல எங்கடி போச்சு?"

"அங்க யாருக்கும் கேக்காதும்மா."

"கேக்காத இடத்துல பேசி என்னத்துக்கு? டீச்சர் டாக்டருங்கறா. டாக்டர் சிரிப்பாரு."

அவ்வளவுதான். என் ஒரே சந்தோஷமும் எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

நாலைந்து நாள் இப்படிப் போனது. சந்தை, ரயில் நிலையம், கோர்ட்டு, தீப்பிடித்த ஓட்டல். எல்லா இடத்திலும் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லிச் சம்பாதித்தேன். ஒரு கல்யாணக் காட்சியில்கூடச் சொன்னேன், பொருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு லிஃப்ட் காட்சி வந்தது. பணக்கார வீட்டு இளைய மகள் லிஃப்ட்டில் மாட்டிக்கொள்கிறாள். விளக்கு அணைகிறது. அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை, மூச்சு மட்டும். அந்த மகளுக்குப் பேசுகிற பெண் தொண்டைக்கட்டு என்று வரவில்லை.

"நானே குடுத்துடட்டா சார்?" என்றாள் அம்மா.

"வேணாம்க்கா. சின்னப் பொண்ணு மூச்சு வேணும். உங்க மூச்சுல அனுபவம் தெரியும்." டைரக்டரின் பார்வை என்மேல் விழுந்தது. "உங்க பொண்ணு இருக்காளே."

நான் அம்மாவைப் பார்த்தேன். தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று எத்தனை விதமாக ஆட்ட முடியுமோ அத்தனை விதமாகவும் ஆட்டினேன்.

"செய்வா சார்," என்றாள் அம்மா. "தினம் வாசல்ல இலவசமாச் செய்றா. இங்க செய்ய என்ன?"

மற்றவர்கள் வெளியே போனார்கள். கதவைச் சாத்தினார்கள். அந்தக் கதவைச் சாத்தினால் காதில் பஞ்சு அடைத்த மாதிரி ஆகிவிடும். இன்ஜினியர் ஹெட்போனை மாட்டிக்கொள்ளச் சொல்லி சைகை காட்டினார். கண்ணாடிக்கு அப்பால் ஐந்து முகம், பத்துக் கண், எல்லாம் என்மேல். கும்பல் இல்லை, சந்தை இல்லை, நான் மட்டும்.

அந்த ஹெட்போனில் ஓர் அருமையான ஏற்பாடு. நம் மூச்சு நமக்கே காதுக்குள் பெரிதாகக் கேட்கும். நான் பயந்து ஒரு மூச்சு விட்டேன். அது காதுக்குள் புயலாக வந்தது. அதைக் கேட்டு இன்னும் பயந்தேன். அடுத்த மூச்சு இன்னும் பெரிதாக வந்தது. திரையில் அந்தப் பெண் லிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள். அவளை நான் பார்க்கவே இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விரல் மரத்தது, உதடு மரத்தது.

"பிரமாதம்," என்றது காதுக்குள் டைரக்டரின் குரல். "அப்படியே போ. நிறுத்தாதே."

நிறுத்துவது என் கையிலா இருக்கிறது. மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்தேன். பல் தந்தியடித்தது. இப்போது நிச்சயம் செத்துவிடுவேன், இந்த ஆள் அதையும் நல்ல டேக் என்பான் என்று தோன்றியது. சாவதைவிட அதுதான் எரிச்சலாக இருந்தது.

கண்ணாடிக்கு அப்பால் நடந்ததைப் பாப்பா அத்தை பிற்பாடு சொன்னாள். டைரக்டர் தொடையில் தட்டிக்கொண்டு ரசித்தாராம். இருமல் மாமா, 'புலிக்குப் பிறந்தது' என்றாராம். அம்மா இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். கேட்கிறவள் கேட்கிறபடியே இருந்தாளாம். பிறகு கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாளாம். திரை கறுப்பாக இருந்தது. காட்சி முடிந்து எவ்வளவோ நேரமாகியிருந்தது.

"படம் நின்னுடுச்சு," என்றாளாம் அம்மா.

"அதான்க்கா, அவ நிறுத்தாம பண்றா. நல்ல பொண்ணு."

"படம் நின்னா எல்லாரும் நிறுத்துவாங்க சார். நானும் நிறுத்துவேன். செத்தவனுக்கு அழறவளும் நிறுத்துவா." ஹெட்போனைக் கழற்றினாளாம். "இவ நிறுத்தல."

சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது அம்மா கதவைத் திறந்து உள்ளே வந்தாள், காலில் செருப்போடு. அத்தனை வருஷத் தொழிலில் அவள் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. என் காதிலிருந்து ஹெட்போனை எடுத்துத் தூர வைத்தாள். புயல் அடங்கியது. தரைவிரிப்பில் என் எதிரில் உட்கார்ந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை, தலையைத் தடவவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் திரும்பி வந்தது.

"நீ நடிக்கல," என்றாள்.

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"வாசல்ல?"

"அங்கயும் இல்ல."

"நான் கரண்டிய வச்சுக்கிட்டு நின்னேனே. அப்பவும்?"

"எப்பவுமே இல்லம்மா."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். எந்த ரகம் என்று பார்க்கக்கூடத் தயாராக இருந்தேன். அவள் அழவில்லை. முகத்தில் ஒரு ரகமும் இல்லை, ஒன்றுமே இல்லை, வெறும் முகம். என் அம்மாவுக்கு இப்படி ஒரு முகம் இருப்பது எனக்குத் தெரியாது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

அவள் எழுந்து கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

"சார், அத அழிச்சிடுங்க."

"எதைக்கா?"

"இப்ப எடுத்தத."

"அக்கா, விளையாடறீங்களா? இந்த மாதிரி டேக் எனக்கு என் வாழ்நாள்ல கிடைச்சதில்ல."

"கிடைக்காது சார். அது டேக் இல்ல. என் பொண்ணுக்கு உடம்பு சரியில்ல, நீங்களும் நானும் உக்காந்து ரசிச்சோம். அழிச்சிடுங்க. நான் குடுக்கறேன்."

டைரக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இன்ஜினியர் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, "போயிடுச்சு சார், கை பட்டுடுச்சு," என்றார். அதுவரை அந்த மனிதர் என்னோடு சைகையில் மட்டுமே பேசியிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அம்மா செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்து மைக்கின் முன் நின்றாள். நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து கேட்டேன். மூச்சு வாங்கினாள். நெஞ்சைப் பிடித்தாள், பழசு என்று எனக்குச் சொல்வாளே, அதே பழசு. அடிவயிற்றிலிருந்து எடுத்தாள். காட்சி முடிந்ததும் டக்கென்று நிறுத்தினாள்.

"நடிப்பு மாதிரியே இருக்குக்கா," என்றார் டைரக்டர் அலுப்பாக.

"நடிப்புதான் சார். அதுக்குத்தான் நீங்க சம்பளம் குடுக்கறீங்க."

அடுத்த வாரம் அந்தப் பகுதி ஒளிபரப்பானது. சித்தி போன் செய்து, லிஃப்ட்டில் மாட்டிய அந்தப் பெண் ரொம்ப ஓவராகப் பண்ணுகிறாள் என்றாள். அம்மா ஒப்புக்கொண்டாள்.

மனநல டாக்டரிடம் போக வகுப்பாசிரியையே இடம் சொல்லி நேரம் வாங்கிக் கொடுத்தார். பஸ்ஸில் போகும்போது நான் அம்மாவிடம் ஒரு நிபந்தனை போட்டேன்.

"அங்க நீ பேசக்கூடாது. நான்தான் சொல்வேன்."

"நான் என்னடி சொல்லப்போறேன்?"

"நீ சொன்னா அதுல ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு மாமியார் வந்துடும். எனக்கு வந்தத நான் சொல்றேன்."

"சரி. வாயே தொறக்கல."

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளே நுழைந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். காத்திருக்கும் அறை அப்படி ஓர் அமைதி. ஸ்டுடியோ தோற்றது. சுவரோரம் ஆறேழு பேர் உட்கார்ந்து அவரவர் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு மீன்தொட்டி, மீனும் சத்தமில்லாமல் இருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் தலை நிமிர்ந்து, நல்ல உரக்கக் கேட்டாள்.

"சொல்லுங்க. என்ன பிரச்சினைக்கு வந்திருக்கீங்க?"

அறை முழுக்கக் காதானது. கால்விரலைப் பார்த்தவர்கள் பார்வையை எடுக்கவில்லை, காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பியது எனக்கு நன்றாகவே தெரிந்தது. வாயைத் திறந்தேன். நாக்கு போய் ஒட்டிக்கொண்டது.

"சொல்லும்மா. என்ன?"

விரல் மரக்க ஆரம்பித்தது. கதவு எங்கே இருக்கிறது என்று கண் தேடியது. போய்விடலாம். போய்ப் படுத்துக்கொள்ளலாம். வருஷம் போனால் போகட்டும். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவாள், சொல்லேன் என்றுதான் பார்த்தேன். அவள் என் நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு உதட்டை இறுக்கி நின்றாள். கொடுத்த வாக்கை நேரம் பார்த்துக் காப்பாற்றுகிறாளே என்று ஆத்திரமாக வந்தது.

அப்போது அந்த அறையில் எங்கோ ஒரு பஸ் ரூட் கேட்டது.

அம்மாதான். உதடு பிரிந்தும் பிரியாமலும், என்னைப் பார்க்காமல், மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டு, இருமல் மாமாவின் நிறுத்தங்களை ஒப்பிக்கத் தொடங்கியிருந்தாள். நடுவில் மாமா மாதிரி ஒரு இருமல். பிறகு பாப்பா அத்தையின் நாத்தனார் வந்தாள். ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. ஏழாம் வாய்ப்பாடு. தக்காளி என்ன விலை, நேத்து இந்த விலை இல்லையே, தள்ளி நில்லுங்க. ஒரே ஆள், சந்தையைக் கூட்டிவிட்டாள்.

கால்விரல்கள் எல்லாம் மறந்துபோயின. ஆறேழு தலையும் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தன. மேஜைப் பெண்ணும் அவளைத்தான் பார்த்தாள். அந்த அறையில் என்னைப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

தக்காளிக்கும் வாய்ப்பாட்டுக்கும் நடுவில், யாருக்கும் தனியாகத் தெரியாதபடி, இன்னொன்றும் வந்தது. எனக்கு அந்தத் தொழில் தெரியும், அதனால் கேட்டது. "ஏழு நாலு இருபத்தெட்டு, எம் பொண்ணு பொய் சொல்லல, ஏழஞ்சு முப்பத்தஞ்சு, நான்தான் நம்பல, தள்ளி நில்லுங்க, நான்தான் நம்பல..."

நாக்கு இறங்கியது.

மேஜைப் பெண் அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்பக்கம் குனிந்து, மிகுந்த இரக்கத்தோடு கேட்டாள்.

"அவங்களுக்குத்தானேம்மா பாக்கணும்?"

"இல்லைங்க," என்றேன். "எனக்கு. ஆளுங்க முன்னாடி பேச வந்தா எனக்கு மூச்சு நின்னுபோகுது."

நான் பேசி முடிப்பதற்குள் சந்தை நின்றது. அறை மறுபடி அமைதியானது. நான் சொன்ன கடைசி வார்த்தை அதில் தனியாக, எல்லோருக்கும் கேட்கும்படி விழுந்தது. மேஜைப் பெண் அதை எழுதிக்கொண்டு, உட்காருங்க என்றாள். போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.